கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். படிகளோடு சேர்த்து 165,000 சம்பளம், அடிப்படை 110,000. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் பிரிவை மூடப்போகிறோம் என்று ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். ராஜினாமாக் கடிதம் தந்தால் இரண்டு மாதச் சம்பளமும் கிரட்யுட்டியும் (பணிக்கொடை) தருவதாகச் சொன்னார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை. இனி வர வேண்டாம் என்று மேலாளர் வட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். மூன்று கார்டில் 420,000, 275,000, 110,000 என்று கடன் நிற்கிறது. வட்டி 26 சதவீதம். முதல் கார்டுக்கு மினிமம் கட்ட இரண்டாவது கார்டில் காசு எடுத்தேன். கையில் 310,000 இருக்கிறது. மனைவி மொன்டிசோரி ஆசிரியை. டியூஷனும் சேர்த்து 60,000 வரும். தாலிக்கொடியையும் வளையல்களையும் அடகு வைத்து கார்டுகளை முடித்துவிடலாம் என்கிறாள். வசூல் ஆள் மூன்று செக் எழுதித் தரச் சொல்கிறார். தராவிட்டால் பொலிஸ், விமான நிலையத்தில் பெயர் என்கிறார். போன் அடித்தால் பயத்தில் அதை அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் கார்டைப் பற்றி முக்கால் பக்கம் இருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி மூன்று வரிதான். எனக்கோ அந்த மூன்று வரிதான் பெரிதாகப் பட்டது. ஆகவே உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அதைப் பேசிவிடுகிறேன்.

அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் தொழில் திணைக்களத்துக்குப் போய் வரும்வரையாவது கொடுக்காதீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 180 நாளுக்கு மேல் வேலை பார்த்த ஒருவரை, அவர் மேல் ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாதபோது, முதலாளி நினைத்தவுடன் நிற்பாட்ட முடியாது. ஒன்று ஊழியர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உங்களிடம் ராஜினாமாக் கடிதம் கேட்பது ஏன் என்று இப்போது விளங்கும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு அந்த அனுமதி தேவைப்படாது.

அனுமதி கேட்டுப் போனால் நட்டஈடு கட்ட வேண்டும். அதைக் கணக்குப் போட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாவது வருடத்திலிருந்து பதினான்காவது வருடம் வரை, வருடத்துக்கு இரண்டு மாதம். உங்கள் ஒன்பது வருடத்துக்கு பன்னிரண்டரையும் எட்டும், ஆக இருபதரை மாதம். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே 22 இலட்சத்து 55 ஆயிரம் வருகிறது. (2021இல் இதற்கு 25 இலட்சம் என்று உச்சம் வைத்தார்கள், நீங்கள் அதற்குள் அடங்குகிறீர்கள்.) அவர்கள் தருவதாகச் சொல்வதோ இரண்டு மாதம், 330,000. உங்கள் கார்டுக் கடன் மூன்றும் சேர்ந்தே 805,000தான்.

உடனே துள்ள வேண்டாம். இந்தக் காசு நாளைக்குக் கைக்கு வராது. விசாரணை இழுபடும், கம்பனிக்காரர் சட்டத்தரணியோடு வருவார், கடைசியில் பேசி ஒரு தொகைக்கு இறங்கவும் நேரலாம். ஆனால் 330,000இலிருந்து பேசத் தொடங்குவதும் 22 இலட்சத்திலிருந்து பேசத் தொடங்குவதும் ஒன்றா? வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. மேலாளரின் அந்த வட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். திகதியும் அவருடைய இலக்கமும் தெரியும்படி படம் எடுத்து அச்சடித்து வையுங்கள். மற்ற ஐந்து பேரில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் இருந்தால் சேர்ந்தே போங்கள்.

கிரட்யுட்டி வேறு கணக்கு. கடிதம் தந்தால்தான் அது என்று சொல்வது வெறும் மிரட்டல். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து வருடம் முடித்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அது நீங்கள் விலகினாலும் உண்டு, விலக்கினாலும் உண்டு. உங்களுக்கு 495,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும். பிந்தினால் அதன் மேல் மேலதிகக் கட்டணமும் ஏறும். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) காசையும் இப்போது எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் இப்படி எடுக்க விடுவார்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) மட்டும் ஆணுக்கு 55 வயதுவரை அசையாது. இடையில் 30 சதவீதம் எடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்; அது வீட்டுக்கும் மருத்துவச் செலவுக்கும் உரியது, கார்டுக்கு இல்லை.

சரி, இனி கார்டு.

நான் சொந்தமாக இந்த ஆலோசனை வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு வங்கியின் வசூல் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன். உங்களுக்குப் போன் எடுக்கும் அந்தப் பிள்ளையின் கதிரையில் நானும் இருந்திருக்கிறேன். காதில் ஹெட்போன், முன்னால் திரை, திரையில் நாள் கணக்கு. 30 நாள் பிந்தியவர் ஒரு பட்டியலில், 60 நாள் பிந்தியவர் அடுத்ததில். 90 நாள் தாண்டினால் வங்கிக் கணக்கில் அது செயற்படாக் கடன். பிறகு அதற்கு வங்கி தன் இலாபத்திலிருந்து ஒதுக்க வேண்டியிருக்கும். ஆகையால் 90ஐத் தொடுவதற்கு முன் ஒரு தீர்வுக்கு வர வங்கிக்கும் ஆசை இருக்கிறது. எங்களுக்குத் தலையிடி தந்தவர் காசு இல்லாதவர் இல்லை. போனை எடுக்காதவர்தான். எடுக்காதவரின் பெயருக்கு எதிரில் 'தொடர்பு இல்லை' என்று விழும். மூன்று தடவை அப்படி விழுந்தால் கோப்பு வெளி வசூல்காரர் கைக்குப் போய்விடும். செக் கேட்டு மிரட்டுகிறவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் வங்கியின் ஆள் இல்லை, கொமிஷனுக்கு ஓடுகிறவர்.

அரிசி வாளியை விடுங்கள். எடுத்து இவ்வளவு சொன்னால் போதும்: "வேலை போய்விட்டது, இன்ன திகதியில் கார்ட் சென்டருக்கு நேரில் வருகிறேன், யாரைப் பார்க்க வேண்டும்?" பெயரையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். போனில் எந்தத் தொகைக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். "வெள்ளிக்கிழமைக்குள் பத்தாயிரமாவது" என்று கேட்பார்கள்; மாத இலக்கு இருக்கிறது, கேட்கத்தான் செய்வார்கள்.

நேரில் போவதற்கு முன் வீட்டுக் கணக்கை ஒரு தாளில் போட வேண்டும். கடிதத்தின் பின்பக்கத்தில் நீங்கள் குறித்திருந்ததைக் கூட்டிப் பார்த்தேன். வாடகை 50,000, சாப்பாடு 55,000, கரண்ட், தண்ணீர், போன் 12,000, பிள்ளைகளின் வான் 14,000, மாமியின் மருந்து 6,000, சீட்டு 10,000. மொத்தம் 147,000. மனைவியின் 60,000 போக மாதம் 87,000 துண்டு விழுகிறது. கையில் உள்ள 310,000 இதற்கு மூன்றரை மாதம் தாங்கும். மூன்று கார்டின் மினிமத்தையும், ஐந்து சதவீதப்படி 40,250, கட்டிக்கொண்டு போனால் இரண்டரை மாதம்கூடத் தாங்காது. அந்த 40,250இலும் 17,400 வரை வட்டிக்கே போகிறது. அதாவது வேலை தேடுவதற்கு உங்களுக்கு இருக்கும் நாட்களை விற்று வட்டி கட்டுகிறீர்கள்.

அதனால் வரிசை இப்படி: வாடகை, அரிசி, மருந்து, பிள்ளைகளின் வான், கரண்ட். இவற்றுக்கு மூன்று மாதக் காசை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில்தான் கார்டு. கார்டுக்காரன் மூன்று மாதம் காத்திருந்தால் அவனுக்கு ஒரு கடிதம் அதிகம் எழுத வேண்டிவரும். வீட்டுக்காரர் காத்திருக்க மாட்டார்.

சீட்டை நிறுத்தலாமா என்று யோசித்திருப்பீர்கள். நிறுத்த வேண்டாம். வட்டியில்லாத காசு அது, அதோடு பக்கத்து வீட்டு முகங்கள். பன்னிரண்டு பேர் சீட்டில் உங்கள் முறை நவம்பரில் என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி யாரோடாவது முறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். 120,000 முன்னமே வந்தால் அது வாடகைக்கு. கார்டுக்கு ஒரு சதமும் அதிலிருந்து போகக் கூடாது.

இப்போதே செய்ய வேண்டிய இன்னொன்று இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உங்கள் சம்பளக் கணக்கும் 420,000 கடன் உள்ள கார்டும் ஒரே வங்கி. கார்ட் வாங்கும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், நிலுவைக்கு உங்கள் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு இருக்கும் என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். கிரட்யுட்டி அந்தக் கணக்கில் விழுந்தால் அது உங்கள் கைக்கு வராமலே குறைந்துவிடலாம். கிரட்யுட்டிக்கும் ஈ.டி.எஃப்.புக்கும் கடன் இல்லாத வேறு வங்கிக் கணக்கைக் கொடுங்கள். மாதாமாதம் தானாக மினிமம் வெட்டும் ஏற்பாடு இருந்தால் அதையும் எழுத்தில் நிறுத்துங்கள். வங்கியை ஏமாற்றச் சொல்லவில்லை. உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தத் தாளில் எழுதி அவர்களிடமே காட்டப் போகிறீர்கள். எதை எப்போது கட்டுவது என்பதை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது கார்டில் காசு எடுத்து முதல் கார்டுக்குக் கட்டியது தெரியாமல் செய்த பிழை, இனி வேண்டாம். கடையில் சாமான் வாங்கினால் சில வாரம் வட்டியில்லாமல் ஓடும். மெஷினில் காசாக எடுத்தால் எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, மேலே எடுப்புக் கட்டணம் வேறு. மூன்று கார்டையும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, கணக்கை மூடித் தவணைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வெட்டிய துண்டுகளோடு போனால் நன்றாகவே வேலை செய்யும். என் மேசைக்கு ஒரு அம்மா அப்படி ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அன்று நான் மேலதிகாரியிடம் அவருக்காக வாதாடியது எனக்கே ஆச்சரியம்.

கேட்க வேண்டியவை: முதலில் மூன்று தொடக்கம் ஆறு மாதச் சலுகைக் காலம். அந்த நாட்களில் தாமதக் கட்டணம் போடாதிருத்தல். பிறகு முழு நிலுவையையும் குறைந்த வட்டியில் 48 மாதத் தவணையாக மாற்றுதல். உதாரணத்துக்கு, 805,000ஐ 14 சதவீதத்தில் 48 மாதத்துக்குப் போட்டால் தவணை ஏறக்குறைய 22,000. இப்போதைய மினிமத்தின் பாதியை விடச் சற்று அதிகம், ஆனால் இது ஒரு நாளில் முடியும் கடன். வங்கி 14க்கு வராமல் 18இல் நிற்கலாம். நின்றாலும் 26ஐ விட இறக்கம்தானே. எதைப் பேசினாலும் வங்கியின் கடிதத் தலைப்பில் எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள். ஒரு தொகை தருகிறேன், மிச்சத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று பேசும் நாளும் வரலாம், நட்டஈடு கையில் வந்த பிறகு. இப்போது அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். கிரட்யுட்டி முழுவதையும் கேட்பார்கள்.

கார்ட் சென்டரில் காது கொடுக்காவிட்டால் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம், 1935 என்ற இலக்கம். மிரட்டல், நேரம் கெட்ட நேரத்தில் போன், மாமியிடம் கடனைப் பற்றிச் சொல்வது, இவை எல்லாம் அங்கே முறைப்பாடு செய்யத் தக்கவை. நாள், நேரம், பெயர் இருக்கும் அந்தக் கொப்பி அப்போது உதவும்.

கிரிப்பில் பெயர் விழுமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். விழும். பிந்திக் கட்டியதும் தவணையை மாற்றியதும் கிரிப் என்கிற கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் தெரியும். அது கறுப்புப் பட்டியல் இல்லை, வரலாறு. கட்டி முடித்தால் முடித்தது என்றும் அதில் வரும். அடுத்த சில வருடத்தில் நீங்கள் வீட்டுக் கடன் கேட்கப் போவதில்லை. இப்போதைக்கு அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

பொலிஸ், விமான நிலையம் பற்றி: கார்டுக் கடன் சிவில் விஷயம். கடன் கட்டவில்லை என்பதற்காகப் பொலிஸ் உங்களைப் பிடிக்காது. வசூல்காரர் நினைத்தால் கட்டுநாயக்கவில் ஒருவரைத் தடுக்க முடியாது. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். ஆனால் செக் வேறு கதை. அதனால்தான் அவர் செக் கேட்கிறார். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தில், கணக்கில் காசு இல்லையென்று தெரிந்துகொண்டே செக் கொடுப்பது குற்றம், சிறைத் தண்டனைவரை போகலாம். கார்டுக் கடனோடு மட்டும் இருக்கும்வரை நீங்கள் கடன்காரர். திகதி போட்ட மூன்று செக்கைக் கொடுத்து அவை திரும்பினால் குற்றவாளிக் கூண்டு. ஒரு செக்கும் கொடுக்காதீர்கள், வெற்றுத் தாளில் ஒரு கையெழுத்தும் வேண்டாம்.

அதே சட்டத்தின் கீழ் வங்கி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து கடதாசி வந்தால் அதைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைக்காதீர்கள். இந்த வகை வழக்கில் தீர்ப்பு முதலிலேயே பாதி எழுதப்பட்டு வரும். குறித்த நாளில் போய், எதிர்வாதம் சொல்ல நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டியவர் நீங்கள். நாள் தவறினால் அது முழுத் தீர்ப்பாகிவிடும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் அங்கேயே, மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில், சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கடைசியாகத் தாலிக்கொடி. உங்கள் மனைவியின் மனசை நான் குறைத்துப் பேச மாட்டேன். கணக்கிலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: வங்கியில் அடகு வட்டி வழக்கமாகக் கார்டு வட்டியை விடக் குறைவு. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி உச்சவரம்பு போட்டபோது கார்டுக்கு 28, அடகுக்கு 18 என்றுதான் வைத்தது. ஆனாலும் நான் வேண்டாம் என்கிறேன். கார்டுக் கடனுக்குப் பின்னால் உங்கள் கையெழுத்து மட்டுமே நிற்கிறது. வங்கி எதையாவது தொட வேண்டுமென்றால் நீதிமன்றம் போக வேண்டும், வருடங்கள் ஆகும், இடையில் பேச இடம் உண்டு. அடகுக் கடனுக்குப் பின்னால் நகை நிற்கிறது. தவணை தவறினால் ஒரு அறிவித்தல், பிறகு ஏலம். பேச ஒன்றும் இல்லை. வருமானம் இல்லாத ஒருவர் பேரம் பேசக்கூடிய கடனைக் கொடுத்துப் பேரம் பேச முடியாத கடனை ஏன் வாங்க வேண்டும்?

நகையைத் தொட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அது கார்டுக்காக வரக் கூடாது. வாடகைக்கோ மருந்துக்கோ வரட்டும். அப்போதும் அடகை விட விற்பது மேல் என்பது என் எண்ணம். போடாமல் பெட்டியில் கிடக்கும் வளையலை விற்றால் அதோடு முடிந்தது. அடகு வைத்தால் மாதம் மாதம் அதற்கும் கட்ட வேண்டும். செட்டியார் தெருவில் ஒரு கடையோடு நிற்காமல் மூன்று கடை ஏறுங்கள், முன்னால் நிறுத்து எடை சொல்லச் சொல்லுங்கள், நகை விஷயம் தெரிந்த ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வளையல் என்பதை உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். தாலிக்கொடியைப் பற்றி நான் பேசவே இல்லை.

இடையில் யாராவது போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலியைக் காட்டினால் மூடிவிடுங்கள். உங்கள் தொலைபேசியில் உள்ள எல்லோருடைய இலக்கத்தையும் கேட்டுத்தான் காசு தருவார்கள். எதற்கென்று தவணை பிந்தும் நாளில் தெரியும்.

வரும் வாரம் முதலில் நாரஹேன்பிட்டவுக்குப் போங்கள், கார்ட் சென்டருக்கு மறுநாள். தொழில் திணைக்களமும் ஈ.டி.எஃப். சபையும் மெஹெவர பியச என்ற ஒரே கட்டடத்தில்தான், ஒரு பஸ் காசில் இரண்டு வேலை முடியும். காலையிலேயே போங்கள், பதினொரு மணிக்குப் பிறகு வரிசை நீளும். நியமனக் கடிதம், கடைசி பே சிலிப்கள், ஈ.பி.எஃப். இலக்கம், அடையாள அட்டை, அந்த வட்ஸ்அப் அச்சு எல்லாவற்றிலும் மூன்று போட்டோ கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் கொப்பியைக் கொடுங்கள்; மூலப் பிரதியைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி உறைக்குள் வையுங்கள். கொடுத்த முறைப்பாட்டின் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.